போர்மட் அடித்தும் வைரஸ் ஏன் திரும்பி வருகிறது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டிலோ பாடசாலையிலோ கணினி பாவிக்கும் எவருக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறோம். ஆறுதலாக வாசியுங்கள்.

காரைநகரிலும் சரி, ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கத்திலும் சரி, ஆசிரியர் அறைகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் ஒன்று உண்டு: "கொம்பியூட்டருக்கு வைரஸ் வந்திட்டுது, ரவுணுக்குக் கொண்டுபோய் போர்மட் அடிக்கவேணும்." பொன்னாலைப் பாலம் தாண்டி, பஸ்ஸிலோ ஓட்டோவிலோ கணினி யாழ்ப்பாணம் போகும். நெடுந்தீவு என்றால் முதலில் குறிகட்டுவானுக்குப் படகு. சில நாட்களில் கணினி திரும்பி வரும். இரண்டு மூன்று மாதத்தில் பழையபடி அதே நோய். மீண்டும் பாலம், மீண்டும் காசு.

இதை ஏதோ கணினியின் தலையெழுத்து என்று பலர் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். எமது கருத்து வேறு. போர்மட் அடித்த கணினிக்கு வைரஸ் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: போர்மட் அடித்த கையோடு அதே கிராக் விண்டோஸும் அதே கிராக் ஒபிஸும் திரும்ப ஏற்றப்படுகின்றன. வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டு, கள்ளனிடமே திறப்பைக் கொடுப்பது போன்ற வேலை இது.

முதலில் பெயரைச் சரியாக விளங்கிக்கொள்வோம். நாம் எல்லாவற்றையும் 'வைரஸ்' என்று சொல்கிறோம். உண்மையில் வைரஸ் என்பது வேறு கோப்புகளில் ஒட்டிக்கொண்டு பெருகுவது. 'வேர்ம்' எனப்படும் புழு, வலையமைப்பு வழியாகத் தானாகவே கணினிக்குக் கணினி தாவுவது. ட்ரோஜன் இந்த இரண்டையும் செய்வதில்லை. அது பயனுள்ள ஒரு பொருளின் வேடத்தில் வந்து காத்திருக்கும். நாம் இரட்டைச் சொடுக்குச் செய்யும்வரை அதனால் ஒன்றும் ஆகாது. கிரேக்கக் கதையில் பத்து வருடம் முற்றுகையிட்டும் விழாத ட்ரோய் நகரத்துக்குள் மரக்குதிரையை இழுத்துப் போனவர்கள் அந்த ஊர்ச் சனங்கள்தான். பெயர் அங்கிருந்து வந்தது. ஆகவே ட்ரோஜன் விடயத்தில் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "எந்த அன்டிவைரஸ் நல்லது?" என்பதல்ல. "எந்த வேடத்தில் வந்தது, யார் எதற்காகத் திறந்தார்கள்?" என்பதுதான்.

இந்தத் தந்திரம் இணையத்துக்கும் முந்தியது. 1989 இல் 'எயிட்ஸ் தகவல்' என்று பெயரிட்ட சுமார் 20,000 பிளொப்பி டிஸ்க்குகள் பல நாடுகளுக்குத் தபாலில் அனுப்பப்பட்டன. அவற்றைப் பெற்றவர்களில் உலக சுகாதார நிறுவனத்தின் எயிட்ஸ் மாநாட்டில் பங்குபற்றியவர்களும் இருந்தார்கள். நோய் பற்றிய பயனுள்ள தகவல் என்று நம்பி அதைப் போட்டவர்களின் கணினி, ஏறத்தாழ 90 தடவை இயக்கப்பட்ட பிறகு கோப்புகளின் பெயர்களைப் பூட்டிவிட்டு, பனாமாவில் ஒரு தபால் பெட்டி முகவரிக்கு 189 டொலர் அனுப்பச் சொன்னது. படித்த, பொறுப்பான மனிதர்கள்தான் அதில் மாட்டினார்கள். முப்பத்தைந்து வருடம் கடந்தும் முறை மாறவில்லை. வேடம் மட்டும் மாறியிருக்கிறது.

எமது ஊரில் அது எந்தெந்த வேடத்தில் வருகிறது என்று பார்ப்போம்.

முதலாவது, 'அக்டிவேற்றர்'. விண்டோஸையும் ஒபிஸையும் காசு கட்டாமல் ஓட வைக்கும் சிறு மென்பொருள். இதனுடன் வரும் அறிவுறுத்தலைக் கவனித்திருக்கிறீர்களா? "முதலில் அன்டிவைரஸை நிறுத்துங்கள்" என்றுதான் அது தொடங்கும். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாசலைத் திற என்று சொல்லும் ஒரு மென்பொருளை நாம் நிர்வாகி உரிமையோடு இயக்குகிறோம். 2021 டிசம்பரில் ரெட் கனரி என்ற பாதுகாப்பு நிறுவனம், பிரபலமான கே.எம்.எஸ்.பிகோ அக்டிவேற்றரின் பெயரில் உலாவிய போலி நிறுவிகளில் கிரிப்ட்பொட் என்ற தகவல் திருடும் ட்ரோஜன் இருப்பதை வெளிப்படுத்தியது. அது உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடி அனுப்பும் வகை. விண்டோஸ் வழமைபோல அக்டிவேற் ஆகிவிடும். பாவிப்பவருக்குச் சந்தேகமே வராது.

இரண்டாவது, பென்ட்ரைவ். வினாத்தாள் அச்செடுக்க கொமினிகேஷன் கடைக்குக் கொண்டு போகிறோம். திரும்பி வந்து பார்த்தால் கோப்புறைகள் எல்லாம் 'சோர்ட்கட்' ஆகியிருக்கும். உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு குறுக்குவழியை அது வைத்திருக்கிறது. நீங்கள் சொடுக்கினால் முதலில் மறைந்திருக்கும் நிரல் ஓடும், அடுத்த கணம் உங்கள் கோப்புறையும் திறக்கும். அதனால்தான் பலர் கவனிப்பதே இல்லை. புழுவும் ட்ரோஜனும் கலந்த வகை இது. பென்ட்ரைவ் உட்படப் பல வழிகளில் பரவிய அன்ட்ரோமீடா என்ற வலையமைப்பை முடக்க 2017 நவம்பரில் யூரோபோல், அமெரிக்காவின் எப்.பி.ஐ., மைக்ரோசொப்ட் எல்லாம் சேர்ந்து இயங்கவேண்டி வந்தது. சின்னப் பென்ட்ரைவ்தானே என்று நினைக்கக்கூடாது.

மூன்றாவது, 'டவுன்லோட்' பொத்தான். கடந்தகால வினாத்தாள், ஆசிரியர் வழிகாட்டி, பாமினி எழுத்துரு என்று தேடிப் போனால் ஒரே பக்கத்தில் நான்கு பச்சைப் பொத்தான்கள் இருக்கும். அதில் மூன்று விளம்பரம். ஒரு சின்ன அடையாளம் சொல்கிறோம், மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்: எழுத்துரு என்றால் கோப்பின் பெயர் பெரும்பாலும் டி.டி.எப். என்று முடியும். வினாத்தாள் என்றால் பி.டி.எப். ஈ.எக்ஸ்.ஈ. என்று முடிகிற ஒன்று வந்தால் அது எழுத்துருவும் அல்ல, வினாத்தாளும் அல்ல, ஓடக்கூடிய ஒரு நிரல். 'தரம்11.பிடிஎப்.ஈஎக்ஸ்ஈ' என்று இரண்டு வால் வைத்தும் வரும். விண்டோஸ் கடைசி வாலை இயல்பாக மறைத்து வைப்பதால் எமது கண்ணுக்கு பி.டி.எப். மட்டும் தெரியும். கோப்பு உலாவியின் 'வியூ' பகுதியில் 'கோப்பு நீட்சிகள்' என்பதை இன்றே இயக்கி வையுங்கள். ஒரு சதமும் செலவில்லை.

நான்காவது, கைத்தொலைபேசி. வட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்று ஏ.பி.கே. கோப்பு வரும். இந்தியாவில் 2024 இல் இதைப் பற்றிப் பொலிஸார் வெளிப்படையாக எச்சரித்தார்கள். அழைப்பிதழ் படமாக வரும், பி.டி.எப். ஆக வரும். ஏ.பி.கே. ஆக வந்தால் அது ஒரு செயலி. நிறுவிவிட்டால் உங்கள் குறுஞ்செய்திகளையும், அதில் வரும் வங்கியின் இரகசிய இலக்கத்தையும் அது வாசிக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பும் காசில் சீவிக்கும் குடும்பங்கள் தீவகத்தில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அந்த வங்கிக் கணக்கின் திறப்பு இப்போது தொலைபேசியில் இருக்கிறது.

உள்ளே வந்த பிறகு அது என்ன செய்கிறது? பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கணினி ஒவ்வொரு முறை இயங்கும்போதும் தானும் எழும்பும்படி தொடக்கப் பட்டியலிலோ நேர அட்டவணையிலோ பெயரைப் பதிந்துகொள்ளும். வெளியிலுள்ள தன் எசமானின் சேவையகத்தோடு தொடர்பெடுக்கும். தட்டச்சு செய்வதைப் பதியும், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை அள்ளும், தேவைப்பட்டால் கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் மென்பொருளையும் இறக்கும். அன்டிவைரஸ் தானாக நின்றுபோய் மறுபடி இயங்க மறுத்தல், உலாவியின் முகப்புப் பக்கம் மாறுதல், டேட்டா காரணமில்லாமல் முடிதல், நாம் அனுப்பாத செய்தி நண்பர்களுக்குப் போதல் ஆகியவை அடையாளங்கள். கணினி மெதுவாவதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நல்ல திருடன் சத்தம் போடமாட்டான்.

சரி, வந்துவிட்டது என்று சந்தேகம். என்ன செய்வது? பாலம் தாண்ட முன்னர் பின்வருவனவற்றை ஒழுங்காகச் செய்யுங்கள்.

1. இணையத்தைத் துண்டியுங்கள். ரவுட்டரோ டொங்கிளோ, கழற்றுங்கள். செருகியிருக்கும் பென்ட்ரைவ்களையும் எடுத்துவிடுங்கள். அந்தக் கணினியில் வங்கிப் பக்கமே போகாதீர்கள்.

2. சுத்தமான வேறொரு கணினியிலோ தொலைபேசியிலோ இருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, பிறகு பேஸ்புக். மின்னஞ்சல் திருடன் கையில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் அவன் அதன் வழியாக மீட்டுக்கொள்வான். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் கொடுத்து, இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். நோயுள்ள கணினியில் இருந்தபடியே கடவுச்சொல்லை மாற்றினால் புதியதும் அவனுக்கே போய்ச் சேரும்.

3. விண்டோஸோடு வரும் மைக்ரோசொப்ட் டிபெண்டர் போதும். இணையத்தைச் சிறிது நேரம் இணைத்து அதைப் புதுப்பித்து, மறுபடி துண்டியுங்கள். பிறகு ஸ்கேன் தெரிவுகளில் 'ஒப்லைன் ஸ்கேன்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் எழும்ப முன்னரே தேடும். ஏறத்தாழ கால் மணித்தியாலம் எடுக்கும். ட்ரோஜன் விழித்திருக்கும்போது அது தன்னை மறைத்துக்கொள்ளும், அன்டிவைரஸின் கையையும் கட்டும். அது உறங்கும்போதே பிடிப்பதுதான் இதன் பலன். டிபெண்டரைத் திறக்கவே முடியாவிட்டால் நேரே ஆறாவது படிக்குப் போங்கள்.

4. இன்னொரு கண்ணாலும் பாருங்கள். மைக்ரோசொப்டின் சேப்டி ஸ்கேனர், மல்வெயார்பைட்ஸின் இலவசப் பதிப்பு ஆகியவற்றை அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்து, சுத்தமான கணினியில் இறக்கி எடுங்கள். சேப்டி ஸ்கேனர் பத்து நாளில் காலாவதியாகும். ஆகவே ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்கவேண்டும். அதன்பிறகு தொடக்கப் பட்டியல், நிறுவிய மென்பொருள்கள், உலாவியின் நீட்சிகள் மூன்றையும் ஒருமுறை பார்த்து, யாரும் நிறுவாததை அகற்றுங்கள்.

5. சோர்ட்கட் ஆன பென்ட்ரைவில் கோப்புகள் அழிந்துவிடவில்லை, மறைந்திருக்கின்றன. அவசரத்தில் அதை போர்மட் அடிக்கவேண்டாம். சுத்தமான கணினியில், கோப்புறைத் தெரிவுகளில் மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட முறைமைக் கோப்புகளையும் காட்டும்படி செய்து, எதையும் இரட்டைச் சொடுக்குச் செய்யாமல் ஆவணங்களை மட்டும் வெளியே எடுங்கள். பிறகு பென்ட்ரைவை போர்மட் செய்யுங்கள்.

6. இவ்வளவுக்கும் போகாவிட்டால், அல்லது கடவுச்சொல் களவு போயிருந்தால், முழுவதும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதுதான் நம்பகமான வழி. ஆவணங்களையும் படங்களையும் மட்டும் பிரதியெடுங்கள். பழைய மென்பொருள் நிறுவிகள் ஒன்றையும் காவிக்கொண்டு போகவேண்டாம். நிறுவும் பென்ட்ரைவை மைக்ரோசொப்டின் தளத்தில் இருந்தே, சுத்தமான கணினியில் தயாரியுங்கள். யாரோ ஒருவர் வருடக்கணக்கில் ஊரெல்லாம் செருகிய 'மாஸ்டர்' பென்ட்ரைவில் இருந்து ஏற்றினால் செய்த வேலை வீண்.

கோப்புகள் பூட்டப்பட்டுக் கப்பம் கேட்டால் கட்டாதீர்கள். திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு இலங்கை சேர்ட் அமைப்பின் 101 இலக்கத்துக்கு அறிவியுங்கள். சில வகைப் பூட்டுகளுக்கான திறப்பை 'நோ மோர் ரான்சம்' என்ற சர்வதேச முயற்சி 2016 இலிருந்து இலவசமாகத் தருகிறது.

இப்போது நண்பர்கள் கேட்பார்கள்: "சேர், லைசென்ஸ் விலை தெரியுமா? எங்கட சம்பளத்தில வாங்கிற காரியமா?" நியாயமான கேள்வி. காசில்லாதவரைத் திருடர் என்று திட்டுவதற்கு நாம் இதை எழுதவில்லை. ஆனால் பலருக்கு அந்தச் செலவே தேவையில்லை என்பது தெரியாது. விண்டோஸ் 8 வந்த 2012 இலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் லப்டொப்களில் அதன் உரிமத் திறப்பு தாய்ப்பலகையிலேயே எழுதப்பட்டு வருகிறது. அதே பதிப்பைத் திரும்ப நிறுவினால் இணையம் கிடைத்ததும் தானாக அக்டிவேற் ஆகும். நடப்பது என்ன? ஹோம் பதிப்புக்கு உரிமம் உள்ள லப்டொப்பில் 'புரோ'தான் நல்லது என்று புரோவை ஏற்றுகிறார்கள். அந்த உரிமம் புரோவுக்குப் பொருந்தாது. உடனே அக்டிவேற்றர் தேவைப்படுகிறது. சொந்தமாக இருந்த நல்ல பொருளை எறிந்துவிட்டுக் களவுப் பொருளை, அதுவும் கூலி கொடுத்து, வாங்குகிறோம். அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஒரே ஒரு வசனம் சொல்லுங்கள்: "இதில வந்த பதிப்பையே போடுங்கோ, அக்டிவேற்றர் ஒன்றும் வேண்டாம்."

ஒபிஸுக்கு லிப்ரே ஒபிஸ் இருக்கிறது. வினாத்தாள், புள்ளிப் பட்டியல், நேரசூசி எல்லாவற்றுக்கும் போதும், முற்றிலும் இலவசம். தமிழுக்கு யுனிகோட் எழுத்துரு விண்டோஸிலேயே இருக்கிறது. பாமினியில் பழகிய விரல்களுக்குச் சிரமம்தான், ஆனாலும் எழுத்துரு தேடித் தெரியாத தளங்களில் அலையும் வேலை குறையும். பழைய கணினி என்றால் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போடலாம். விண்டோஸ் 7 க்கான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2020 ஜனவரியில் நின்றது. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. அன்பளிப்பாக வந்த பழைய கணினிகளில் பல விண்டோஸ் 11 ஐ ஏற்கமாட்டா. அவற்றைக் குப்பையில் போடவும் தேவையில்லை, கிராக் போட்டு ஓட்டவும் தேவையில்லை.

புலம்பெயர்ந்து வாழும் காரை உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஊர்ப் பாடசாலைக்குக் கணினி அனுப்பும் உங்கள் மனதுக்கு நன்றி. பத்துக் கணினி அனுப்புவதற்குப் பதிலாக எட்டு அனுப்பி, மிச்சக் காசில் உரிமம், ஒரு வெளி வன்தட்டு, வருடத்துக்கு இரண்டு தரம் வந்து பார்க்கும் ஒருவரின் கூலி ஆகியவற்றுக்கு வழி செய்யுங்கள். உப்புக் காற்றிலும் மின்வெட்டிலும் கிடக்கும் கணினிக்குப் பெயர்ப்பலகையும் திறப்பு விழாவும் மட்டும் போதாது.

இவ்வளவு வற்புறுத்துவது ஏன்? பாடசாலைக் கணினியில் இருப்பவை எமது சொந்தச் சாமான்கள் அல்ல. பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, முகவரி, பெற்றோரின் தொலைபேசி இலக்கம், பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளிகள். இவை எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென்றே 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் இந்த நாட்டில் நிறைவேறியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பொறுப்பு எமக்கு உண்டு.

அரசாங்கத்துக்கே நடந்ததை மறக்கக்கூடாது. 2023 ஆகஸ்டில் அரச மின்னஞ்சல்களை வைத்திருந்த லங்கா அரச முகிலை ஒரு கப்பத் தாக்குதல் பிடித்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனது போனதுதான். சேவையைத் திரும்ப இயக்கினார்கள், ஆனால் அந்த மூன்று மாதத்து மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை. இரண்டு காரணங்கள் வெளியில் வந்தன. மென்பொருள் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு, காலம் கடந்தும் மாற்றப்படவில்லை. காப்புப் பிரதியும் இணைப்பிலேயே இருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டது. பயனாளர்களுக்குச் சந்தேகமான இணைப்புகள் முன்னரே வந்திருந்தன என்றும் அப்போது சொல்லப்பட்டது.

கொழும்பில் பொறியியலாளர்களோடு இருந்த அமைப்புக்கே இந்த நிலை. ஆனால் அதிலிருந்து எடுக்கவேண்டிய பாடத்துக்குப் பெரிய காசு தேவையில்லை. ஒரு வெளி வன்தட்டு வாங்குங்கள். வெள்ளிக்கிழமை பாடசாலை விடுமுன் புள்ளிகளையும் இடாப்பையும் பிரதியெடுங்கள். எடுத்ததும் கழற்றி அலுமாரியில் பூட்டுங்கள். கழற்றாத காப்புப் பிரதி காப்புப் பிரதியே அல்ல. மாணவர் பாவிக்கும் கணினியில் நிர்வாகி கணக்கைக் கொடுக்காமல் சாதாரணக் கணக்கைக் கொடுங்கள். கொமினிகேஷனுக்குப் போகும் பென்ட்ரைவை வேறாக வையுங்கள், அதில் அச்செடுக்கும் பி.டி.எப். தவிர வேறொன்றும் இருக்கவேண்டாம்.

கடைசியாக அதிபர்மாருக்கும் மூத்த ஆசிரியர்களுக்கும் ஒன்று. வைரஸ் வந்தவுடன் "யார் பென்ட்ரைவ் போட்டது?" என்று விசாரணை வைக்காதீர்கள். அப்படி ஒருமுறை ஏச்சு வாங்கிய மாணவனும், இளம் ஆசிரியையும் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார்கள். கணினி நோயோடு இணையத்தில் கிடக்கும். திருடனுக்கு அந்த மௌனம் நல்ல வசதி. உடனே வந்து சொல்லும் பிள்ளையைத் தட்டிக்கொடுங்கள். சொன்ன பத்தாவது நிமிடத்தில் இணையத்தைக் கழற்றினால் மிஞ்சுவது நிறைய.

இந்த வார இறுதியில் உங்கள் வீட்டுக் கணினியில் மூன்று விடயம் பாருங்கள்: டிபெண்டர் இயங்குகிறதா, கோப்பு நீட்சி தெரிகிறதா, பிரதி எடுத்த வன்தட்டு கழற்றி வைத்திருக்கிறதா. சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறோம். இந்த விடயத்தில் கூடத் தெரிந்த நண்பர்கள் திருத்தமும் சேர்த்தியும் எழுதுங்கள். பயனுள்ளது என்று பட்டால் உங்கள் பாடசாலை வட்ஸ்அப் குழுவிலும் பகிருங்கள்.